குதம் வேறு, கிணறு வேறு: கடல் எண்ணெயும் துறைமுக நகரமும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடு முழுவதும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், திருகோணமலையில் நானும் அப்படியொரு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரத் தம்பி, இரண்டாம் நாள் மதியம் பொறுமை இழந்து திரும்பிக் கேட்டார்: "அண்ணன், நம்மட கடலுக்குள்ளதான் எண்ணெய் கிடக்குதாம். அதை எடுத்துத்தானே சீனக்குடாவில தாங்கி தாங்கியா ஊத்தி வச்சிருக்கிறாங்க? பிறகு ஏன் நாங்க இந்த வெயில்ல நிக்கிறம்?" சுற்றி நின்ற பலரும் தலையசைத்தார்கள். அந்த இடத்தில் என்னால் ஒழுங்காக விளக்கம் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்றும் தேநீர்க் கடைகளிலும் தேர்தல் மேடைகளிலும் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. திருகோணமலை ஓர் எண்ணெய் நகரம் என்றும், விரைவில் எண்ணெய் நகரம் ஆகிவிடும் என்றும், அப்படி ஆகாதபடி யாரோ தடுக்கிறார்கள் என்றும் பேசப்படுகிறது. இந்தப் பேச்சில் மூன்று வெவ்வேறு விடயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டவே இந்தக் கட்டுரை.

வயலும் சங்கக்கடையும்

அரிசி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருக்கும் ஒரு சங்கக்கடையைப் பார்த்து, அந்த ஊரில் நெல் விளைகிறது என்று யாரும் முடிவு செய்வதில்லை. அரிசி வேறெங்கோ விளைந்து, வேறெங்கோ குற்றப்பட்டு, இங்கே வந்து இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் கரையிலுள்ள சீனக்குடாவில் நிற்கும் தாங்கிகளும் அப்படிப்பட்டவைதாம். பத்திரிகைகள் அவற்றை எண்ணெய்க் குதங்கள் என்று எழுதுகின்றன. குதம் என்றால் சேமிப்பிடம். வேறிடத்தில் எடுத்த எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, தேவைப்படும்வரை வைத்திருக்கும் இடம் அது.

அவை இங்கே ஏன் வந்தன என்பதற்குக் காரணம் எண்ணெய் அன்று, துறைமுகம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. இந்து சமுத்திரத்தின் நடுவில், எந்தப் பருவக்காற்றிலும் பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் ஒன்றைக் கையில் வைத்திருந்த பிரித்தானியர், தமது கடற்படைக்கு எரிபொருள் நிரப்புவதற்காக 1920களிலும் 1930களிலும் இந்தத் தாங்கிகளைக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தாங்கிகளில் ஒன்று அழிந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறிய பின்னர் பெரும்பாலான தாங்கிகள் காட்டுக்குள் பயன்பாடின்றி நின்றன. துறைக்கு அருகிலுள்ள கீழ்த்தொகுதியை 2003 முதல் இந்திய எண்ணெய் நிறுவனமொன்றின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசி நிறுவனம் பயன்படுத்தி வருகிறது. 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கைகளின்படி 99 தாங்கிகளில் 14 அந்த நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மீதி 61 இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டு நிறுவனத்திடமும் சென்றன. அந்தக் கூட்டு நிறுவனத்தில் 51 வீதப் பங்கு கூட்டுத்தாபனத்துக்கு உரியது.

ஒரு தாங்கி ஏறக்குறைய 12,000 கன மீற்றர் கொள்ளும். எண்ணெய் உலகம் அளப்பது பீப்பாயில், ஒரு பீப்பாய் 159 லீற்றர். 99 தாங்கிகளும் பழுதில்லாமல், ததும்பத் ததும்ப நிறைந்திருந்தால்கூட மொத்தம் சுமார் 75 இலட்சம் பீப்பாய்தான் வரும். வட கடலில் ஸ்கொட்லாந்துக்கு அப்பாலுள்ள ஃபோர்ட்டீஸ் என்ற ஒரேயோர் எண்ணெய்ப்புலம், அதன் உச்சக் காலத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் பீப்பாய் தந்தது. சீனக்குடாவின் முழுக் கொள்ளளவும் அந்தப் புலத்தின் பதினைந்து நாள் விளைச்சலுக்குச் சமம். குதம் எவ்வளவு பெரியதாயினும் அது ஒரு பாத்திரம். எண்ணெய்ப்புலம் ஊற்று. வரிசையில் நின்ற தம்பிக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: தாங்கி நிற்பதால் எண்ணெய் வராது. எண்ணெயை வாங்க நாட்டிடம் டொலர் இருந்தால்தான் தாங்கி நிறையும். 2022இல் இல்லாமற்போனது அந்த டொலர்தான்.

பாறைக்குள் எண்ணெய் இருப்பது எப்படி

அடுத்த குழப்பம் நிலத்தின் அடியில் இருக்கிறது. பூமிக்கடியில் எண்ணெய் ஒரு குளமாகத் தேங்கி நிற்கிறது, துளைபோட்டால் உறிஞ்சி எடுக்கலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். எண்ணெய்க் குளம் என்று எங்கும் இல்லை.

நிலாவெளிக் கடற்கரையில் பிள்ளைகள் மணலைத் தோண்டி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முழம் தோண்டியதும் குழிக்குள் நீர் ஊறுகிறது. அந்த நீர் அங்கே குளமாக இருந்ததில்லை. மணல்மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் இருந்தது. குழி தோண்டியதும் பக்கங்களிலிருந்து கசிந்து வந்து சேர்கிறது. எண்ணெயும் அப்படித்தான், மணல் இறுகிக் கல்லாகிய பாறையின் துளைகளுக்குள் இருக்கிறது. நல்ல பாறை ஒன்றில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பங்கு வரை இத்தகைய இடைவெளிகள் இருக்கும். இப்படி எண்ணெயை ஏந்தியிருக்கும் பாறைக்குத் தேக்கப்பாறை என்று பெயர். அதிலிருந்து முழுவதையும் எடுத்துவிடவும் முடியாது. பெரும்பாலான புலங்களில் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் துளைகளிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இறந்து அடியிலுள்ள சேற்றில் புதைகின்றன. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அவற்றின்மேல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிகிறது. புதைந்த சேறு இரண்டு, மூன்று கிலோமீற்றர் ஆழத்துக்கு இறங்கும்போது வெப்பம் ஏறுகிறது. ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில், அடுப்பில் மெதுவாக வேகும் பண்டம்போல, அந்த உயிர்ப்பொருள் எண்ணெயாக மாறுகிறது. அதற்கு மேலும் சூடேறினால் எரிவாயுவாகிறது. வெப்பம் போதாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆகவே கடல் இருக்கும் இடமெல்லாம் எண்ணெய் இருக்கும் என்று எண்ண இடமில்லை. சரியான சேறு, சரியான ஆழம், சரியான வெப்பம் மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

அப்படிச் சேர்ந்தாலும் போதாது. குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல, பாறைத் துளைகளிலுள்ள நீரைவிட இலேசான எண்ணெய் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். தடுக்க ஒன்றுமில்லையென்றால் கடலடி வரை வந்து கசிந்து போய்விடும். ஒரு சிரட்டையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்து, அதன் கீழிருந்து காற்றுக்குமிழிகளை விட்டால், குமிழிகள் சிரட்டைக்குள் சிக்கிக்கொள்ளும். பூமிக்கடியிலும் களிமண்போல் இறுகிய ஒரு பாறை, கவிழ்த்த சிரட்டையின் வடிவில் வளைந்திருந்தால், அதன் கீழ் எண்ணெய் சிக்கும். அந்த மூடிப்பாறையும் அதன் வளைவும் சேர்ந்த அமைப்பைப் பொறி என்கிறார்கள். எலிப்பொறி என்கிறோமே, அதே சொல், அதே பொருள்.

சுருக்கமாக: எண்ணெய் தோன்ற ஒரு பாறை, தங்க ஒரு பாறை, தப்பிப் போகாமல் மூட ஒரு பாறை வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கடலடியில் இருப்பது வெறும் கல்தான்.

தட்டிப் பார்ப்பதும் துளைத்துப் பார்ப்பதும்

சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் அதை உடைத்துப் பார்ப்பதில்லை. விரலால் தட்டி, ஓசையைக் கேட்டு, உள்ளே முற்றியிருக்கிறதா என்று மதிப்பிடுகிறார். கடலிலும் முதல் வேலை தட்டிப் பார்ப்பதே. ஒரு கப்பல் அழுத்தப்பட்ட காற்றைத் திடீர் திடீரென்று நீருக்குள் வெடிக்கவிடுகிறது. அந்த ஒலி கடலடியைத் தாண்டிப் பாறை அடுக்குகளில் பட்டு எதிரொலிக்கிறது. கப்பலின் பின்னால் பல கிலோமீற்றர் நீளத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கம்பிவடங்களில் பொருத்திய கருவிகள் அந்த எதிரொலிகளைப் பதிவு செய்கின்றன. நில அதிர்வு ஆய்வு எனப்படுவது இதுதான். கப்பலின் பின்னால் இவ்வளவு நீள வடம் இழுபடுவதால், அந்தப் பாதையில் வலை போட்டிருக்கும் மீனவர்கள் விலகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த ஆய்வு தருவது பாறையின் வடிவத்தை மட்டுமே. சிரட்டை கவிழ்ந்திருக்கிறதா என்று அது காட்டும். சிரட்டைக்குள் எண்ணெய் இருக்கிறதா, வெறும் நீர் இருக்கிறதா என்று உறுதியாகக் காட்டாது. 'கடலில் எண்ணெய் இருப்பது உறுதி' என்று வரும் தலைப்புகள் பல, உண்மையில் ஒரு வடிவம் தெரிந்திருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மிக அதிகமாக ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

துளைத்தால்தான் தெரியும். அப்படித் துளைப்பதைத் துரப்பணம் என்றும், இருக்கிறதா என்று அறிய மட்டும் தோண்டும் கிணற்றை ஆய்வுக் கிணறு என்றும் சொல்கிறார்கள். நம் ஊர்க் கிணறுகளில் மண் சரியாதபடி சீமெந்து வளையங்கள் இறக்குவதுபோல, துளைத்த ஒவ்வொரு பகுதியிலும் உருக்குக் குழாயை இறக்கிச் சீமெந்தால் இறுக்குகிறார்கள். துளைக்கும் முனையைக் குளிரவைக்கவும், வெட்டிய கல் துகள்களை மேலே கொண்டுவரவும், கீழிருந்து எண்ணெயும் வாயுவும் பீறிட்டு எழாமல் தன் பாரத்தால் அமுக்கி வைக்கவும், கனமான சேறு ஒன்றைக் கிணற்றுக்குள் இடைவிடாமல் சுற்றவிடுகிறார்கள். இதற்குத் துரப்பணச் சேறு என்று பெயர். இந்தச் சேறும் சீமெந்தும் குழாயும் ஆயிரக்கணக்கான தொன் அளவில் தேவைப்படுகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துறைமுக நகரத்தின் தலைவிதி இதில்தான் இருக்கிறது.

அந்த அமுக்கம் தோற்றால் என்ன ஆகும் என்பதை மெக்சிக்கோ வளைகுடா காட்டியது. 2010 ஏப்ரல் 20ஆம் திகதி டீப்வோட்டர் ஹொரைசன் என்ற மிதக்கும் துரப்பண மேடையில் கிணறு வெடித்துப் பதினொருவர் இறந்தார்கள். சுமார் 1,500 மீற்றர் நீரின் அடியிலிருந்து எண்ணெய் 87 நாட்கள் கொட்டிக்கொண்டே இருந்தது.

நடுக்கடலில் ஒரு குடியிருப்பு

கடல் ஆழமில்லாத இடத்தில் உருக்குக் கால்களை அடியில் ஊன்றி மேடை கட்டுகிறார்கள். ஆழம் கூடினால் கால் ஊன்ற முடியாது. மிதக்கும் மேடையோ, துரப்பணக் கப்பலோ வேண்டும். எந்த வகையானாலும் அது நடுக்கடலில் நிற்கும் ஒரு தொழிற்சாலை, ஒரு விடுதி, ஒரு சமையலறை, ஒரு சிறிய வைத்தியசாலை எல்லாம் சேர்ந்த குடியிருப்பு. பெரிய மேடை ஒன்றில் இருநூறு பேர்வரை தங்கி வேலை செய்வார்கள். அங்கே ஒரு பிடி அரிசிகூட விளையாது.

குடிநீர், டீசல், இறைச்சி, மரக்கறி, கயிறு, குழாய், சீமெந்து, சேற்றுப்பொடி, உதிரிப்பாகங்கள் என்று எல்லாவற்றையும் கரையிலிருந்து கப்பலில் கொண்டுபோக வேண்டும். கழிவுகளைக் கப்பலில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆட்களை ஹெலிகொப்டரில் ஏற்றி இறக்க வேண்டும். இரவானாலும் புயலானாலும் இந்தப் போக்குவரத்து நிற்கக்கூடாது. நாளொன்றுக்கு மேடையின் வாடகை மட்டுமே பல இலட்சம் டொலராக இருக்கையில், ஒரு குழாய் வந்து சேராமல் வேலை ஒரு நாள் நின்றால் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆகவே கரையில் ஒரு துறைமுகம் இதற்கென்றே இராப்பகலாக இயங்குகிறது. கப்பல்கள் அணையும் துறைகள், குழாய் அடுக்கும் வெளிகள், களஞ்சியங்கள், ஒட்டுவேலைப் பட்டறைகள், ஹெலிகொப்டர் தளம், தீயணைப்பும் நீரில் உயிர்காக்கும் முறையும் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள் எல்லாம் அதைச் சுற்றி எழுகின்றன. இதற்கு வழங்கல் தளம் என்று பெயர்.

எண்ணெய் இறங்காத எண்ணெய் நகரங்கள்

ஸ்கொட்லாந்தின் அபர்டீன் மீன்பிடிக்கும் கருங்கல் கட்டடங்களுக்கும் பெயர்போன ஊர். 1970இல் அங்கிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவில் ஃபோர்ட்டீஸ் புலம் கண்டுபிடிக்கப்பட்டது. 1975 நவம்பரில் பிரித்தானிய அரசி அதைத் தொடக்கி வைத்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அபர்டீன் ஐரோப்பாவின் எண்ணெய்த் தலைநகரம் என்று அழைக்கப்படலாயிற்று. அதன் விமான நிலையம் உலகிலேயே ஹெலிகொப்டர்கள் மிக அதிகமாக வந்துபோகும் இடங்களில் ஒன்றாயிற்று.

ஆனால் ஃபோர்ட்டீஸ் எண்ணெய் அபர்டீனுக்கு வருவதில்லை. அது கடலடிக் குழாய் வழியாக வடக்கே குரூடன் குடா என்ற சிற்றூரில் கரையேறி, நிலத்தடிக் குழாயில் தெற்கே கிரேஞ்ச்மவுத் பகுதிக்குப் போய்விடுகிறது. நோர்வேயின் ஸ்டவாங்கர் இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு. சிறு மீன்களைத் தகரத்தில் அடைத்து உலகெங்கும் அனுப்பிய அந்த ஊர், 1969இல் எக்கோஃபிஸ்க் புலம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நோர்வேயின் எண்ணெய் நகரமாயிற்று. 1972இல் தொடங்கிய அரச எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேயே அமைந்தது. எக்கோஃபிஸ்கின் எண்ணெயோ குழாய் வழியாக இங்கிலாந்தின் டீசைட்டுக்குப் போகிறது, வாயு ஜேர்மனியின் எம்டனுக்குப் போகிறது. கடலடியில் ஆழமான அகழி ஒன்று நோர்வேக் கரையோரமாக ஓடுவதால் அந்தக் காலத்தில் குழாயை அங்கே கொண்டுவருவது கடினமாக இருந்தது.

எண்ணெய் நகரம் என்று உலகம் அழைக்கும் இந்த இரண்டு ஊர்களையும் மாற்றியமைத்தது கரைக்கு வந்த எண்ணெய் அன்று. கரையிலிருந்து கடலுக்குப் போன ஆட்களும் பொருட்களும், அந்தப் போக்குவரத்தை நடத்தத் தேவைப்பட்ட அறிவும்தான் அவற்றை மாற்றின. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் திருகோணமலை பற்றிய பேச்சில் பாதி தெளிந்துவிடும். சீனக்குடாவில் எண்ணெய் வந்து தங்குகிறது, ஆனால் தாங்கியைப் பார்த்துக்கொள்ளச் சிலர் போதும். நூறு தாங்கி இருந்தாலும் அவற்றைச் சுற்றி ஒரு நகரம் வளராது.

ஊரின் அளவும் முக்கியம். மும்பைக்கு மேற்கே 1974இல் கண்டுபிடிக்கப்பட்ட பொம்பே ஹை இந்தியாவின் மிகப் பெரிய கடல் எண்ணெய்ப்புலம். ஆயினும் மும்பையை யாரும் எண்ணெய் நகரம் என்பதில்லை, அத்தனை பெரிய ஊருக்குள் எண்ணெய்த் தொழில் கரைந்துவிட்டது. சுமார் இரண்டு இலட்சம் பேர் வாழும் அபர்டீனில் அது ஊரையே விழுங்கியது.

ஊருக்குள் என்ன நடக்கிறது

மேடையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரம் கடலிலும், அதே அளவு காலம் கரையிலும் இருப்பார்கள். மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்களின் வீடுகள் கிண்ணியாவிலும் மூதூரிலும் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வீடு பெரிதாகும், கதவு திறக்க ஆள் இருக்காது. எண்ணெய் நகரத்தில் அந்த நிலை ஒரு தெருவுக்கோ கிராமத்துக்கோ மட்டும் உரியதாக இல்லாமல் ஊர் முழுவதற்கும் பொதுவாகிறது. சம்பளம் உயர்வதால் வீட்டு வாடகை ஏறுகிறது. எண்ணெயில் வேலை கிடைத்தவர் அதைத் தாங்குவார். ஆசிரியரும் தாதியும் மீன் விற்கிறவரும் தாங்க மாட்டார்கள். ஒட்டுவேலை தெரிந்தவர், இயந்திரம் திருத்தத் தெரிந்தவர் எல்லோரும் அங்கே இழுக்கப்படுவதால், வள்ளத்தின் இயந்திரம் பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பதில்லை.

மீனவருக்கு வேறொரு நெருக்கடியும் உண்டு. கடற்சட்டம் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின்படி ஒவ்வொரு மேடையைச் சுற்றியும் 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் விதிக்கலாம். மீன்களோ மேடையின் கால்களை நாடி வந்து கூடும் இயல்புள்ளவை. மீன் கூடும் இடத்துக்கே போகக்கூடாது என்றால் கடற்றொழிலாளியின் மனம் என்ன பாடுபடும் என்று திருக்கடலூரிலோ சல்லியிலோ கேட்டுப் பார்த்தால் தெரியும்.

அபர்டீனின் ஹேசல்ஹெட் பூங்காவில் மூன்று தொழிலாளர்களின் உருவச்சிலைகள் நிற்கின்றன. 1988 ஜூலை 6ஆம் திகதி இரவு பைப்பர் அல்ஃபா என்ற மேடை வெடித்து எரிந்து 167 பேர் இறந்ததன் நினைவு அது. பழுதுபார்ப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பை, அது கழற்றப்பட்டிருப்பது தெரியாமல் அடுத்து வேலைக்கு வந்தவர்கள் இயக்கியதில் தொடங்கியது அந்த அழிவு. வேலை முடித்துப் போனவர்களிடமிருந்து அடுத்து வந்தவர்களுக்குச் செய்தி சரியாகக் கைமாறவில்லை. கடல் எண்ணெய்த் தொழிலின் பாதுகாப்பு விதிகள் உலகம் முழுவதும் அந்த இரவுக்குப் பிறகே இறுக்கமாயின. எண்ணெய் நகரம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்தச் சிலைகளையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பணமும் நிலையானதன்று. 2014இன் நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்று 110 டொலரைத் தாண்டி விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்குக் கீழே விழுந்தது. அபர்டீனில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், வீட்டு விலைகள் சரிந்தன. அந்த ஊரில் யாரும் தவறு செய்யவில்லை. விலை வேறெங்கோ தீர்மானிக்கப்பட்டது.

இதுவரை சொன்னதை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம்: குதம் என்பது சேமிப்பிடம், அதற்கு ஆள் குறைவு. வழங்கல் தளம் என்பது கடலில் நடக்கும் வேலைக்குக் கரையிலிருந்து உயிர்கொடுக்கும் துறைமுகம், அதுவே நகரத்தை மாற்றுகிறது. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. நமக்கு மிக நெருக்கமான பாடம் அதில்தான் உண்டு.

வடக்கே ஒரு குடா

கடலிலிருந்து குழாய் வழியாக வரும் எண்ணெயைப் பெற்று, பெரிய தாங்கிகளில் தேக்கி, கப்பலில் ஏற்றி அனுப்பும் இடத்துக்கு முனையம் என்று பெயர். ஸ்கொட்லாந்துக்கும் வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் சல்லம் வோ என்ற ஆழமான குடாவின் கரையில் அப்படியொரு முனையம் 1970களில் கட்டப்பட்டது. ஆழமான, அமைதியான குடா, அதன் கரையில் தாங்கிகள், சுற்றிலும் மீனவரும் விவசாயிகளும் வாழும் சிற்றூர்கள் என்று வெளித்தோற்றத்தில் அது சீனக்குடாவை நினைவூட்டும்.

வேறுபாடு கட்டடத்தில் இல்லை, உடன்படிக்கையில் இருக்கிறது. எண்ணெய் கரையேறுவதற்கு முன்பே ஷெட்லாந்தின் உள்ளூர்ச் சபை 1974இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் தனக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டது. துறைமுகத்தை நடத்தும் அதிகாரமும், முனையத்துக்குரிய நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரமும் அதன்மூலம் சபைக்குக் கிடைத்தன. அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊருக்கு ஏற்படும் இடையூறுக்கான கொடுப்பனவையும் நிறுவனங்களிடமிருந்து பேரம்பேசிப் பெற்றது. அந்தப் பணம் பொது நிதியமாக்கப்பட்டு, முதியோர் பராமரிப்புக்கும் விளையாட்டு மண்டபங்களுக்கும் செலவாயிற்று. ஒரு சிற்றூர்ச் சபை உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனங்களுடன் சமமாக உட்கார்ந்து பேசியது எப்படி என்றால், எண்ணெய் வந்த பின்னர் அன்றி, வருவதற்கு முன்னரே பேசியதால்தான். சீனக்குடாத் தாங்கிகள் பற்றிய உடன்படிக்கைகள் பல தசாப்தங்களாகத் தலைநகரங்களுக்கு இடையே பேசப்பட்டு வந்திருக்கின்றன. அந்த மேசையில் இந்த ஊருக்கு ஓர் இருக்கை இருந்ததில்லை என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் விடயம்.

நமது கடலில் என்ன இருக்கிறது

இலங்கை இன்றுவரை கடலிலிருந்து வணிக அளவில் ஒரு பீப்பாய் எண்ணெய்கூட எடுத்ததில்லை. நாட்டின் ஒரேயொரு சுத்திகரிப்பு நிலையம் 1969இல் சபுகஸ்கந்தையில் தொடங்கியது. அது சுத்திகரிக்கும் மசகு எண்ணெய், அதாவது பாறையிலிருந்து எடுத்தபடியே இருக்கும் கச்சா எண்ணெய், முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

மேற்குக் கடலில், மன்னார் படுகையில், 2011இல் கெய்ர்ன் நிறுவனம் சிக்கியூ என்ற ஜப்பானியத் துரப்பணக் கப்பலை அமர்த்தி மூன்று ஆய்வுக் கிணறுகள் தோண்டியது. இரண்டில் எரிவாயு கண்டது, ஒன்று வெறுங்கிணறாயிற்று. முதற் கிணறு தோண்டிய இடத்தில் நீரின் ஆழம் மட்டும் 1,354 மீற்றர். எக்கோஃபிஸ்கில் அது சுமார் 70 மீற்றர்தான். இருப்பதும் இலாபமாக எடுக்க முடிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் வெளியேறியது. அந்த வாயு இன்னமும் பாறைக்குள்ளேயே இருக்கிறது.

மன்னார் வாயு ஒரு நாள் எடுக்கப்பட்டால் திருகோணமலை அதன் வழங்கல் தளமாகுமா? வரைபடத்தில் இரண்டும் அருகருகே தெரிவதால் ஆகும் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளை வழங்கல் கப்பல்கள் தாண்ட முடியாது. இங்கிருந்து புறப்படும் கப்பல் மட்டக்களப்பு, அம்பாந்தோட்டை, காலி, கொழும்பு என்று தீவைச் சுற்றித்தான் மன்னார்க் கடலுக்குப் போக வேண்டும். அந்தப் பாதையில் கொழும்பே முதலில் வருகிறது. அந்த வாயு நமது துறைமுகத்துக்கு வேலை தரும் என்று நம்புவதற்குக் கடல் இடம் கொடுக்கவில்லை.

கிழக்குக் கடலைப் பொறுத்தவரை நடந்தவை தட்டிப் பார்க்கும் ஆய்வுகள்தாம். கோணேசர் மலையின் அடியிலிருந்தே கடல் சட்டென்று ஆழமாகிறது. கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று சில கிலோமீற்றருக்குள்ளேயே பல நூறு மீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. பெருந்திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதும், போர்க்கப்பல்கள் தயக்கமின்றி உள்ளே நுழைய முடிந்ததும் இந்த ஆழத்தினால்தான். அதே ஆழம், இங்கே உருக்குக் கால் ஊன்றிய மேடைகளுக்கு இடமில்லை என்பதையும் சொல்கிறது. தோண்டுவதென்றால் துரப்பணக் கப்பல் வேண்டும், அதற்கு மன்னாரைப்போலப் பெரும் செலவாகும்.

கசிவைப் பற்றிய அச்சத்துக்கோ கிணறு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2020 செப்டெம்பரில் குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்த நியூ டயமண்ட் என்ற கப்பல், ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன், சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்து எரிந்தது. மாலுமி ஒருவர் இறந்தார். எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ பரவாமல் அணைக்கப்பட்டதால் கிழக்குக் கரை தப்பியது. சீனக்குடாவின் முழுக் கொள்ளளவில் கால் பங்குக்கும் மேற்பட்ட எண்ணெய் அந்த ஒரே கப்பலில் இருந்தது. அப்படிப்பட்ட கப்பல்கள் தினமும் இந்தக் கடலைக் கடந்து போகின்றன.

கிழக்குக் கடலில் என்றாவது ஆய்வுக் கிணறு தோண்ட முடிவாகுமானால், ஊர் முதலில் காணப்போவது எண்ணெயாக இருக்காது. இறங்குதுறையில் அடுக்கடுக்காக உருக்குக் குழாய்கள் வந்து கிடக்கும். சீமெந்தும் சேற்றுப்பொடியும் மூட்டை மூட்டையாக இறங்கும். சீனக்குடா விமானத் தளத்திலிருந்து காலையும் மாலையும் ஹெலிகொப்டர்கள் கிழக்கே பறக்கும். உவர்மலையில் வீட்டு வாடகை ஏறத் தொடங்கும். கிணறு வெறுங்கிணறாக முடிந்தால் இவையெல்லாம் மூன்று நான்கு மாதங்களில் கப்பலேறிப் போய்விடும். காட்டுக்குள் நிற்கும் தாங்கிகளில் அதனால் ஒரு சொட்டு எண்ணெயும் கூடியிராது.